‘அளவு:’ என்ற சொல்லுக்குப் பிறகு: ஒற்றை வரிக் கட்டளைகள் மீது ஒரு விமர்சனம்

நானே செய்த ஒரு தவறிலிருந்துதான் இந்தக் குறிப்பைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

தாத்தா எழுதி வைத்துவிட்டுப் போன வைத்தியக் குறிப்பு நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. அவர் படித்துப் பட்டம் வாங்கிய வைத்தியர் இல்லை. ஊரில் கேட்டவர்களுக்குச் சூரணமும் லேகியமும் செய்து கொடுத்தவர். அந்த நோட்டைச் சித்தி நாலைந்து வருடமாக, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கணினியில் அடித்து முடித்தார். நோட்பேடில் ஒரே ஒரு கோப்பு. 212 மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் ‘பெயர்:’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘நோய்:’, ‘சரக்கு:’, ‘அளவு:’, ‘அனுபானம்:’, ‘பத்தியம்:’. மருந்துக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு வெற்று வரி. அலங்காரம் எதுவும் இல்லாத, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய கோப்பு.

எனக்கு அதில் வேண்டியிருந்தது எடை அளவைகள் மட்டும். குன்றி, உளுந்து, பணவெடை என்பதெல்லாம் தாத்தாவின் நோட்டில் எத்தனை தடவை, எந்த மாதிரி மருந்துகளோடு வருகின்றன என்று பார்க்கலாம் என்று ஓர் ஆசை. ‘அளவு:’ என்ற சொல்லுக்குப் பிறகு வரி முடிகிறவரை உள்ளதை எடு, அவ்வளவுதானே? செட் கட்டளையில் ஒற்றை வரி போதும். `.*அளவு:` என்ற கோலத்துக்குப் பொருந்துவதை அழித்துவிட்டு மிச்சத்தை அச்சிடு. (கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். நிறுத்தற்குறிகள் மட்டும் அப்படியே.) பத்து நொடியில் முடிந்தது. எத்தனை வரி வந்தது என்று எண்ணினேன். 212. மருந்தும் 212. சரியாக இருக்கிறது என்று நம்பி, பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, அட்டவணையாக்கி, குடும்ப வாட்ஸப் குழுவில் பெருமையாகப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை சித்தியிடமிருந்து போன்.

“ஏன்டா, இதுல புள்ளைங்களுக்குக் குடுக்குற அளவெல்லாம் எங்க போச்சு? நான் அடிச்சுதானே வச்சிருந்தேன்?”

கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு வரி இப்படி இருந்தது:

அளவு: குழந்தைக்கு உளுந்தெடை. பெரியவர் அளவு: இரண்டு குன்றி.

என் அட்டவணையில் இருந்தது ‘இரண்டு குன்றி’ மட்டும். சித்த மருத்துவ அளவைப்படி உளுந்தெடை என்பது சுமார் 65 மில்லிகிராம், குன்றி சுமார் 130. ஆக, குழந்தைக்கு 65 என்று எழுதியிருந்த மருந்துக்கு 260 என்ற ஒற்றை எண்ணோடு ஓர் அட்டவணை, அதுவும் கைக்குழந்தை உள்ள வீடுகள் இருக்கிற ஒரு குழுவில், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது. யாரும் அதைப் பார்த்து எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் காலை நேரம் எனக்கு நன்றாக இல்லை. முதல் வேலையாக அதை அழித்துவிட்டுத்தான் யோசிக்க உட்கார்ந்தேன்.

ஒரே வரி, ஐந்து பதில்

‘ஒரு குறிச்சொல்லுக்குப் பிறகு வருவதை எடுப்பது எப்படி’ என்ற கேள்விக்கு ஷெல் உலகத்தில் நான்கைந்து பதில்கள் புழக்கத்தில் உள்ளன. எல்லாமே ஒற்றை வரி. எல்லாமே ஒன்றுக்கொன்று மாற்று என்பதுபோலத்தான் பேசப்படுகின்றன. ‘இதைவிட அது சின்னது’, ‘இதில் ஒரு பைப் மிச்சம்’ என்பதுதான் வழக்கமான ஒப்பீடு. மேலே சொன்ன அந்த ஒரே வரியை ஐந்திலும் போட்டுப் பார்த்தேன்.

செட் (`.*அளவு:` என்பதை அழி): கிடைத்தது ‘இரண்டு குன்றி.’ காரணம் எளிது. `.*` பேராசைக்காரக் கோலம்; எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவும் போகும். அதனால் கடைசி ‘அளவு:’ வரை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

‘ஆக்’ (‘அளவு:’ என்பதையே பிரிப்பானாக வைத்து இரண்டாவது புலத்தை எடு): கிடைத்தது ‘குழந்தைக்கு உளுந்தெடை. பெரியவர்’. முதல் ‘அளவு:’க்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருப்பது மட்டும். இப்போது பெரியவருக்கு மருந்து இல்லை.

கட் (முக்காற்புள்ளியைப் பிரிப்பானாக வைத்து இரண்டாவது புலம்): ‘குழந்தைக்கு உளுந்தெடை. பெரியவர் அளவு’. பார்க்க ஏறக்குறைய முழுமை மாதிரி இருக்கும். அதுதான் இதில் மோசம்.

கிரெப் (பெர்ல் பாணிக் கோலத்தில், குறிச்சொல்லுக்கு அப்புறம் ‘இதுவரை பொருந்தியதை மற’ என்று சொல்லும் `\`கே குறியோடு): முழு வரியும் கிடைத்தது. முதல் ‘அளவு:’வில் பொருந்தி, வரி முடியும்வரை எடுத்தது.

பாஷ் ஷெல்லின் சொந்த வெட்டு: `#*அளவு:` என்று ஒற்றை வேலிக்குறி போட்டால் முழு வரி, `##*அளவு:` என்று இரட்டை வேலிக்குறி போட்டால் ‘இரண்டு குன்றி.’ மட்டும். ஒரே ஒரு குறி கூடுதல், குழந்தை காணாமல் போய்விடும்.

இவை ஐந்தும் ஒரே கேள்விக்கான பதில்கள் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செட் சொல்வது: ‘குறிச்சொல் வரியில் கடைசியாக எங்கே வருகிறதோ அதற்குப் பிறகு’. ஆக் சொல்வது: ‘முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே’. கட் சொல்வது: ‘குறிச்சொல் எதுவானாலும் எனக்குக் கவலையில்லை, முக்காற்புள்ளியைக் காட்டு’. குறிச்சொல் வரிக்கு ஒரு தடவைதான் வரும், மதிப்புக்குள் இன்னொரு முக்காற்புள்ளி வராது என்ற இரண்டு நிபந்தனைகளும் உண்மையாக இருந்தால் மட்டுமே ஐந்தும் ஒன்றாகும். அந்த நிபந்தனைகளை யாரும் பதிலோடு சேர்த்து எழுதுவதில்லை. எடுத்துக்காட்டு வரி எப்போதும் ஒழுங்காக இருக்கும், அதனால் பதிலும் எப்போதும் சரியாக இருக்கும்.

குறிச்சொல் இல்லாத வரிகளில் இவை என்ன செய்கின்றன என்பது இன்னொரு வேடிக்கை. கிரெப் அந்த வரியை விட்டுவிடும். செட் வரியை அப்படியே அச்சிடும். பொருந்தியதை மட்டும் காட்டு என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆக் ஒரு வெற்று வரியை அச்சிடும். கட், பிரிப்பான் இல்லாத வரியை முழுசாகத் தரும். பாஷ் வெட்டும் முழு வரியைத் திருப்பித் தரும். அதாவது ‘கிடைக்கவில்லை’ என்பதை ஐந்து கருவிகள் மூன்று விதமாகச் சொல்கின்றன. அதில் இரண்டு விதம் ‘கிடைத்துவிட்டது’ என்பதுபோலவே இருக்கும்.

வரி என்ற நம்பிக்கை

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஒரு செய்தி என்றால் ஒரு வரி. கணினி எழுதும் பதிவுக் கோப்புகளுக்கு அது பெரும்பாலும் சரி. மனுஷர் கையால் எழுதியதற்கு அது சரியாக வருவதில்லை.

சித்தியின் கோப்பில் ‘அனுபானம்:’ பல இடங்களில் அடுத்த வரிக்கும் நீள்கிறது. தேன் என்று ஒரு வரியில் முடிந்ததுபோல் இருக்கும். அடுத்த வரியில் ‘சூடு உடம்பானால் தேன் ஆகாது, பசுநெய்’ என்று இருக்கும். ஒற்றை வரிக் கட்டளை தேனோடு நின்றுவிடும். கிடைத்த பகுதி இலக்கணமாகவும் பொருளாகவும் முழுமையாகவே இருப்பதால், படிப்பவருக்குச் சந்தேகமே வராது.

இதைவிட என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. ஏழு மருந்துகளில் அளவு இப்படி எழுதப்பட்டிருந்தது:

அளவு: மேற்படி

பத்திரம், மனு, கணக்கு நோட்டு என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது சாதாரணம். மேலே சொன்னதுதான் இங்கேயும் என்று அர்த்தம். என் கட்டளை அதை அட்சரம் பிசகாமல் எடுத்தது. எந்த விதத்திலும் அது தவறு செய்யவில்லை. அப்புறம் நான் அட்டவணையை அகர வரிசையில் அடுக்கினேன். அந்த நொடியில் ஏழு ‘மேற்படி’களும் வேறு ஏழு மருந்துகளைக் கைகாட்ட ஆரம்பித்துவிட்டன. நோட்டில் மேலே இருந்தது ஒன்று. என் அட்டவணையில் மேலே வந்து நிற்பது இன்னொன்று.

குறிச்சொல்லுக்குப் பிறகு வருவதை மட்டும் பிய்த்து எடுக்கலாம் என்ற எண்ணத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. பிய்த்து எடுத்த துண்டுக்கு அது இருந்த இடமும் அர்த்தத்தில் ஒரு பங்கு. ரெகுலர் எக்ஸ்பிரஷனை எவ்வளவு திருத்தினாலும் இது தீராது. வரி எண்ணையாவது கூடவே எடுத்து வைத்தால், திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு வழி மிச்சமிருக்கும். புழக்கத்தில் உள்ள ஒற்றை வரிப் பதில்களில் அதை எடுத்து வைப்பதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

குறிச்சொல் தமிழாக இருந்தால்

தமிழ்க் கோப்புக்கென்று தனியாகச் சில குழிகள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விளக்கங்களைப் படித்துக் கற்றுக்கொண்ட எனக்கு, ஒவ்வொன்றிலும் விழுந்தபிறகுதான் தெரிந்தது.

‘நோய்:’ என்ற வரிகளை எண்ணினேன். 212 வர வேண்டும்; 187 வந்தது. காணாமல் போன 25-ம் கோப்பின் ஆரம்பத்தில் உள்ளவை. அந்தப் பகுதியைச் சித்தி பழைய எழுத்துரு ஒன்றில் அடித்து, பின்னால் ஏதோ ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்திருக்கிறார். யூனிகோடில் ‘நோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ந-வும் ஓகாரக் குறி ஒன்றும் சேர்ந்தது ஒன்று. ந, ஏகாரக் குறி, கால் என்று மூன்றாகப் பிரித்து எழுதுவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கிரெப் பார்ப்பது திரையை இல்லையே, பைட்களை. அதற்கு இவை இரண்டும் வேறுவேறு சொற்கள். ‘அளவு:’ என்பதில் இப்படி இரட்டைக் குறி எதுவும் கிடையாது, அதனால் அது முழுசாக வந்தது. ஒரே கோப்பில் ஒரு குறிச்சொல் சரியாக வேலை செய்து, இன்னொன்று சத்தமில்லாமல் குறைந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

இதற்கு மருந்து இருக்கிறது. கோப்பை முதலில் யூனிகோடின் இயல்பாக்க வடிவங்களில் ஒன்றுக்கு (என்எஃப்சி) மாற்றிவிட வேண்டும். யூகான்வ் என்ற கருவியோ பெர்லில் நாலு வரியோ போதும். ஆனால் அதுவும் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. ‘ஔடதம்’ என்ற சொல்லைப் பலர் ‘ஒளடதம்’ என்று அடிக்கிறார்கள். ஒ பக்கத்தில் ஒரு ள. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, யூனிகோடுக்கு முற்றிலும் வேறு. இதை எந்த இயல்பாக்கமும் தொடாது. தமிழ் எண் ‘௨’ இருக்க வேண்டிய இடத்தில் ‘உ’ இருப்பதும் அப்படித்தான். `[0-9]` என்று தேடினால் இரண்டுமே அகப்படாது.

அடுத்தது புணர்ச்சி. ‘அளவு’ என்று தேடினால் ‘அளவில்’ வராது, ‘அளவாக’ வராது, உகரம் கழன்றுவிடும். ‘நீரளவு:’ என்று ஓரிடத்தில் சித்தி சேர்த்து எழுதியிருக்கிறார். அதற்குள் ‘அளவு:’ இருப்பதாக நமக்குத் தெரிகிறது. எழுத்தாகப் பார்த்தால் அகரம் அங்கே இல்லை, ர-வுக்குள் போய்விட்டது. ஆங்கிலத்தில் ஒரு சொல் இன்னொரு சொல்லோடு ஒட்டினாலும் பெரும்பாலும் அதன் எழுத்துகள் அப்படியே இருக்கும். குறிச்சொல்லைத் தேடு என்ற யோசனையே அந்த மாதிரி மொழிக்கு இயல்பாகப் பொருந்துகிற ஒன்று.

அப்புறம் எண்ணிக்கை. ‘அளவு’ என்பது நமக்கு மூன்று எழுத்து: அ, ள, வு. யூனிகோடுக்கு நான்கு குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 12 பைட். ‘முதல் ஐந்து எழுத்தை வெட்டு’ என்று கட் கட்டளையிடம் சொன்னால், குனு தரும் கட்-இன் பெரும்பாலான பதிப்புகள் எழுத்து என்று சொன்னாலும் பைட்டைத்தான் எண்ணும். ‘ள’வின் நடுவில் கத்தி இறங்கும். டெபியன், உபுண்டு வகை லினக்ஸ்களில் இயல்பாக வரும் எம்-ஆக்கும் பைட் கணக்குதான்.

தமிழுக்கு மட்டும் உரியதல்லாத இரண்டு குழிகளையும் சொல்லிவிடுகிறேன், என் கோப்பில் அவையும் இருந்தன. விண்டோஸில் அடித்த கோப்பில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரும்பற்குறி இருக்கும். வரி முடியும்வரை எடு என்றால் அதுவும் கூடவே வரும். அப்புறம் ‘தேன்’ என்பதும் ‘தேன்’ என்பதும் சமமில்லை என்று ஸ்கிரிப்ட் அடம்பிடிக்கும். இரண்டாவது, பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைக்கும். வரியின் தொடக்கத்தில் ‘பெயர்:’ இருக்கிறதா என்று `^பெயர்:` போட்டுத் தேடினால் 211 கிடைத்தது. காணாமல் போனது கோப்பின் முதல் மருந்து.

புகழ்பெற்ற ஆறு கட்டளைகள்

இந்தப் பண்பாட்டுக்கு ஒரு மூலக்கதை உண்டு. 1986-ல் ஜான் பென்ட்லி ஒரு கணினி இதழில் எழுதிவந்த பத்தியில், ஒரு கோப்பில் அதிகம் வரும் சொற்களைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதித் தரும்படி டொனால்டு நூத்திடம் கேட்டார். நூத் தன் ‘இலக்கிய நிரலாக்க’ முறையில், விளக்கமும் நிரலும் பின்னிப் பல பக்கத்துக்கு எழுதினார். அதற்கு மதிப்புரை எழுதியவர், யூனிக்ஸுக்குப் பைப் என்ற யோசனையைத் தந்த டக் மெக்கில்ராய். நூத்தின் வேலையை மதித்துப் பேசிவிட்டு, அதே காரியத்தை ஆறு கட்டளைகளைப் பைப்பில் கோத்துச் செய்து காட்டினார். அன்றிலிருந்து இது ‘ஒற்றை வரி வென்ற கதை’யாகச் சொல்லப்பட்டு வருகிறது. நானும் மாணவர்களிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆறில் முதல் கட்டளை என்ன செய்கிறது? ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்து, 26 சின்ன எழுத்து தவிர மற்ற எல்லாவற்றையும் வரிமுறிப்பாக மாற்றி, அடுத்தடுத்து வரும் முறிப்புகளை ஒன்றாக்குகிறது. சித்தியின் கோப்பை அதில் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கோப்புக்குக் கிடைத்த விடை: ஒரு வெற்று வரி, பக்கத்தில் 1 என்ற எண். பிழைச் செய்தி கிடையாது. நிரல் வெற்றிகரமாக முடிந்தது என்றே ஷெல் சொல்கிறது.

மெக்கில்ராயைக் குறை சொல்ல இது வரவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்விக்கு, அவர் காலத்துக் கோப்புகளுக்கு, அது நல்ல பதில். கதையைச் சொல்லும் நம்மைத்தான் கேட்கிறேன். ‘சொல் என்றால் என்ன’ என்ற முடிவு அந்த முதல் கட்டளைக்குள் எடுக்கப்பட்டிருக்கிறது. நூத்தின் முறையில் அப்படிப்பட்ட முடிவுகளை வார்த்தையில் எழுதி விளக்க ஓர் இடம் உண்டு. ஒற்றை வரியில் அந்த இடம் கிடையாது. சுருக்கம் என்று நாம் பாராட்டுவதில் ஒரு பகுதி, சொல்லாமல் விட்டது.

கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1973-ல் கிரெப்பை எழுதிய அதே கென் தாம்ஸன்தான், 1992-ல் ராப் பைக்கோடு சேர்ந்து யூடிஎஃப்-8 முறையை வகுத்தார். அந்த முறையில் ஒரு எழுத்தின் பைட் வரிசை இன்னொரு எழுத்தின் நடுவில் தற்செயலாக வர முடியாது. அதனால்தான், தமிழைப் பற்றி எதுவுமே தெரியாத பழைய கருவியில்கூட ‘அளவு:’ என்று தேடினால் சரியான இடத்தில் போய் நிற்கிறது. தேடுவது பத்திரம், எண்ணுவதும் வெட்டுவதும்தான் ஆபத்து. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

‘ஒரு தடவை ஓட்டுகிற ஸ்கிரிப்ட்தானே?’

இந்த ஆட்சேபம் நியாயமானது. ஒரு கோப்பில் என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்க்க ஒற்றை வரியைப்போல வசதியானது எதுவும் இல்லை. இன்றைக்கும் நான் முதலில் கிரெப்பைத்தான் எடுக்கிறேன். துழாவுகிறவர் விடையைக் கண்ணால் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் அடுத்த வரியில் வேறு மாதிரி கேட்கிறார். சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அந்த வரியைக் கோப்பில் சேமித்து, அதன் விடையை யாரும் பார்க்காமல் அடுத்த வேலைக்கு ஊட்டும்போது. என் கதையில் அது நடக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. துழாவல் அட்டவணையானது, அட்டவணை அடுத்தவர் கைக்குப் போனது.

‘பைத்தான் எழுதியிருக்கலாமே’ என்பது இரண்டாவது ஆட்சேபம். பைத்தானிலும் ‘அளவு:’ என்ற இடத்தில் பிளந்து இரண்டாவது துண்டை எடுத்தால், ஆக் தந்த அதே அரைகுறைதான் கிடைக்கும். மொழியை மாற்றினால் நிபந்தனைகள் மாறிவிடாது. மூன்றாவது, ‘கட்டமைப்பு உள்ள வடிவத்தில் அடித்திருக்கலாமே’ என்பது. அடைப்புக்குறியும் மேற்கோளும் போட்டு அடிக்கச் சொல்லியிருந்தால் சித்தி இரண்டாவது மருந்தோடு நிறுத்தியிருப்பார். இந்தக் கோப்பு இருப்பதே அது வெறும் உரையாக இருந்ததால்தான். இதில் குறை சித்தி பக்கம் இல்லை. நோட்டில் உள்ளது உள்ளபடி அடித்திருக்கிறார். அதைப் படிக்காமல் வெட்டியவன் நான்.

இப்போது செய்வது

கடைசியில் எழுதியது இருபத்தைந்து வரிக்குள் அடங்கும் ஓர் ஆக் ஸ்கிரிப்ட். அதில் புத்திசாலித்தனம் எதுவும் கிடையாது. கோப்பை இயல்பாக்கி, திரும்பற்குறியையும் தலையில் உள்ள அடையாளத்தையும் முதலில் நீக்கிவிடுகிறேன். வரியின் தொடக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆறு குறிச்சொற்களில் ஒன்று இருந்தால் புதிய புலம். இல்லாவிட்டால் அந்த வரி முந்தைய புலத்தின் தொடர்ச்சி. குறிச்சொல்லுக்குப் பிறகு உள்ளதை எடுக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேண்டாம். குறிச்சொல் தொடங்கும் இடத்தைக் கேட்டு, அதோடு குறிச்சொல்லின் நீளத்தைக் கூட்டி, அங்கிருந்து மிச்சத்தை எடுக்கிறேன். இந்த முறையில் கருவி பைட்டை எண்ணினாலும் எழுத்தை எண்ணினாலும் விடை ஒன்றுதான், இரண்டு எண்ணிக்கையும் ஒரே அலகில் இருப்பதால். ஒவ்வொரு விடையோடும் மூலக் கோப்பின் வரி எண் ஒட்டியிருக்கும். ‘மேற்படி’ வந்தால் நிரப்புவதில்லை. கேள்விக்குறி போட்டு ஒதுக்கி வைக்கிறேன். ஒரே புலத்தில் அதே குறிச்சொல் இரண்டாவது தடவை வந்தாலும் அப்படியே.

இதைவிட முக்கியமானது எண்ணிப் பார்ப்பது. நான் முதலில் எண்ணியது வரிகளை. கிரெப்பில் எண்ணச் சொல்லும் விருப்பம் பொருந்திய வரிகளைத்தான் எண்ணும், பொருத்தங்களை எண்ணாது. ஒவ்வொரு பொருத்தத்தையும் தனி வரியில் அச்சிடச் சொல்லி அதை எண்ணியிருந்தால் 231 வந்திருக்கும். 212-க்கும் 231-க்கும் நடுவே உள்ள 19 தான் சித்தி போன் செய்த விஷயம். அந்த ஒரு எண்ணை மட்டும் அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் குறிப்புக்கே வேலை இருந்திருக்காது. இப்போது ஸ்கிரிப்ட் முடியும்போது இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் தோல்வி என்று சொல்லி வெளியேறுகிறது. பைப்பில் முன்னால் உள்ள கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளையின் நிலையைத்தான் ஷெல் வழக்கமாகச் சொல்லும். அதையும் மாற்றி வைத்திருக்கிறேன்.

கேள்விக்குறி விழுந்தவை மொத்தம் 26: இரட்டை அளவு 19, மேற்படி 7. போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டில் தாத்தாவின் நோட்டையே எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பத்தொன்பதில் பெரும்பாலானவை குழந்தை, பெரியவர் என்ற பிரிவு. மூன்று, காலை ஒரு அளவு, ராத்திரி ஒரு அளவு. மேற்படி ஏழில் ஐந்து நேராக முந்தைய மருந்தைச் சுட்டுகின்றன. மிச்சம் இரண்டில் நோட்டுப் பக்கம் மாறியிருக்கிறது. தாத்தா பக்கத்தின் உச்சியில் எழுதிய பொதுக் குறிப்பைச் சொல்கிறாரா, போன பக்கத்துக் கடைசி மருந்தைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை.

“இத எப்படி போடப் போற?” என்று சித்தி கேட்டார்.

“மேற்படின்னே போட்டு, எந்தப் பக்கம், எந்த வரின்னு பக்கத்துல எழுதிடறேன் சித்தி. ரெண்டு விதமா படிக்கலாம்னும் ஒரு குறிப்பு போட்டுடறேன்.”

“அப்படியே செய். மருந்து விஷயம்.”

புதிய அட்டவணை குழுவுக்குப் போகவில்லை. அளவைகளைப் பற்றிய என் ஆய்வுக்கு மட்டும்தான். ஸ்கிரிப்டையும், ஐந்து கட்டளைகளையும் ஓட்டிப் பார்த்த மாதிரி வரிகளையும் அடுத்த குறிப்பில் தருகிறேன். உங்களிடம் உள்ள தமிழ்க் கோப்பில் இவற்றை ஓட்டிப் பார்த்து வேறு மாதிரி விடை வந்தால், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பதோடு எழுதுங்கள். திருத்திக்கொள்கிறேன்.